இரண்டு டோஸ் போதாது, தங்கச்சி

திருகோணமலை வார்டில் நேற்றிரவு இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்தியது, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசி இரண்டுதான் போட்டிருக்கிறேன், சிஸ்டரிடம் சொல்லப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். ஏச்சு விழுந்தால் விழட்டும், இப்பவே போய்ச் சொல்லுங்கள். நோயாளியின் இரத்தத்தையும் உங்களுடையதையும் சோதிக்க வேண்டும். அவருக்குத் தொற்று இருந்தால் உங்களுக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது உடனடிப் பாதுகாப்புத் தரும் ஆயத்த ஆன்டிபொடி (நோயெதிர்ப்புப் புரதம்) ஊசி, தேவைப்படலாம். அதை 24 மணித்தியாலத்துக்குள் போடுவதுதான் நல்லது.

இரண்டு ஊசியே காணும் என்று எங்கள் பட்ச்சிலும் பாதிப்பேர் நம்பினோம். நானுந்தான். 6ஆம் மாதத்தில் போடும் மூன்றாவது ஊசியையும் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் ஆன்டிபொடி அளவு 10 mIU/mLக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அந்த நோயாளி ஐயாவைக் கண்டு ஒதுங்காதீர்கள். கை கொடுத்தோ தேத்தண்ணி பகிர்ந்தோ இது தொற்றாது. மூடியைத் திரும்பப் போடும் பழக்கத்தைத்தான் விடவேண்டும்.