பட்டாணியில் பன்றி இறைச்சி விழும் முன்பே சொல்லிவிட வேண்டும்

கேள்வி: என் மகள் லாட்வியாவில், ரீகா நகரத்தில் மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. அவளுடைய வகுப்புத் தோழி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சாப்பாட்டுக்குத் தன் பாட்டி ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். குல்டீகா பக்கத்தில் கிராமமாம். "எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி போடுவார்கள் அம்மா. போனால் பட்டினி, போகாவிட்டால் அவர்களுக்கு மனசு கஷ்டம்" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், திருச்சி

பதில்: போகச் சொல்லுங்கள், சகோதரி. ஆனால் தனக்கு என்ன ஆகாது என்பதை இன்றைக்கே தோழியிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொல்லக் கூடாது.

நான் ரீகாவில் ஆறு குளிர்காலம் இருந்தவள், நானும் சைவம். முதல் வருஷம் ஒரு வீட்டு விருந்தில் கூச்சப்பட்டு வாயைத் திறக்கவில்லை. பிறை வடிவத்தில், பொன்னிறமாக, தட்டு நிறையச் சின்னச் சின்ன பன்கள் வந்தன. பீராகி என்று பெயர். இனிப்பு பன் என்று நினைத்துக் கடித்துவிட்டேன். உள்ளே வெங்காயத்தோடு பொடியாக நறுக்கிய ஸ்பெக்கிஸ், அதாவது புகையூட்டிய பன்றிக் கொழுப்பு. என் முகம் மாறியதைப் பார்த்து அந்த அம்மாள் கலங்கிப்போய்விட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தால் உனக்கென்று தனியாகச் செய்திருப்பேனே" என்று அவர் வருத்தப்பட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மகள் சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆனால் அந்த ஊர்ச் சமையலின் அடி தானியமும் பாலும் கிழங்கும்தான். ஸ்பெக்கிஸ் பல பதார்த்தங்களில் கடைசியில் தாளிப்பு போல வந்து சேர்கிறது. அது விழுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டால் போதும்.

அந்த இரவின் முக்கியப் பண்டமே அப்படித்தான். பெலேகியே ஸிர்ஞி என்பார்கள், சாம்பல் பட்டாணி என்று பொருள். பெயர்தான் சாம்பல், பார்க்கப் பழுப்பாக, கொண்டைக்கடலை போலப் பெரிதாக இருக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் குழையாமல் வேகவைத்து, வதக்கிய வெங்காயத்தையும் ஸ்பெக்கிஸையும் மேலே கொட்டுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இந்தப் பட்டாணிக்குப் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. அன்று இதை மிச்சம் வைக்கக் கூடாது. தட்டில் விட்ட ஒவ்வொரு பட்டாணியும் வரும் வருஷம் சிந்தப்போகும் கண்ணீர் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே இதை மட்டும் உங்கள் மகள் வேண்டாம் என்று தள்ளாமல் இருப்பது நல்லது. வெறும் பட்டாணியை எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு கேட்கட்டும், பக்கத்தில் ஒரு தம்ளர் கெஃபீர். அது நம் மோரைவிடக் கொஞ்சம் கெட்டியான புளித்த பால். பட்டாணிக்கு அவர்களே அதைத்தான் குடிப்பார்கள். அளவாக வாங்கி முழுதும் சாப்பிட்டால் பாட்டி மனம் குளிர்ந்துவிடும்.

அடுத்தது ரொட்டி. ரை என்ற தானியத்தின் மாவில் செய்யும் கறுத்த ரொட்டி, ருப்மைஸே. அதில் ஸல்ட்ஸ்காப்மைஸே என்று இனிப்பும் புளிப்பும் சேர்ந்த வகை ஒன்று உண்டு. மாவில் ஒரு பங்கைக் கொதிநீர் விட்டுக் கிளறி, பழைய புளிமாவு சேர்த்துப் பொங்கவைத்துச் சுடுவார்கள். அந்தக் காலத்தில் மாவு பிசையும் மரத்தொட்டியைத் துடைத்துக் கழுவ மாட்டார்கள், ஒட்டியிருக்கும் மாவுதான் அடுத்த ஈட்டுக்குப் புளிமாவு. இட்லி மாவில் கொஞ்சம் மிச்சம் வைக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிடுகிற வழக்கமும் அங்கே உண்டு. மகள் கை தவறினால் அப்படியே செய்யட்டும்.

குல்டீகா இருப்பது குர்ஸெமே வட்டாரத்தில். அந்தப் பக்கத்துப் பெருமை ஸ்க்லாண்ட்ரௌசிஸ். ரை மாவுக் கிண்ணத்துக்குள் மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் இனிப்பான கேரட் விழுது, மேலே சீரகத்தின் உறவான ஒரு விதை. இறைச்சி கிடையாது, ஆனால் விழுதில் வழக்கமாக முட்டை சேர்ப்பார்கள். பாட்டிக்கு முன்கூட்டித் தெரிந்தால் இரண்டு மூன்று மட்டும் முட்டை இல்லாமல் சுட்டுத் தருவது கஷ்டமே இல்லை.

ஏமாற்றக்கூடியவை வேறு சில உண்டு. புளித்த முட்டைக்கோஸைப் பச்சையாகத் தந்தால் பயமில்லை, கோஸும் உப்பும் கேரட்டும்தான். அதையே சூடாக வதக்கித் தந்தால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். ரஸோல்ஸ் என்ற உருளைக்கிழங்கு சாலடில் முட்டையும் இறைச்சியும் இருக்கும், தொட வேண்டாம். பாட்டில் கறுப்பாக வந்தால் அது ரீகா கறுப்பு பால்ஸம், 45 சதவீத மது. "பல்தியெஸ்" என்று நன்றி சொல்லி மறுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூன்று சொற்றொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். "பெஸ் கல்யஸ்" என்றால் இறைச்சி இல்லாமல். "பெஸ் ஸ்பெக்யா" என்றால் அந்தக் கொழுப்பு இல்லாமல். "பெஸ் ஓலாம்" என்றால் முட்டை இல்லாமல். இரண்டாவதைத் தனியாகச் சொல்வது அவசியம். தாளிப்புக்குப் போடும் கொழுப்பை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் எங்கும் உண்டு.

இனிப்பில் அவளுக்குக் குறையே இருக்காது. டெபெஸ்மன்னா என்றால் வானத்து மன்னா; மன்னா என்பது வானிலிருந்து விழுந்ததாக பைபிள் சொல்லும் உணவு. ரவையைக் கிரான்பெரிச் சாற்றில் வேகவைத்து, ஆறியதும் அடித்து அடித்து இளஞ்சிவப்பு நுரையாக்கிக் குளிர்ந்த பாலோடு தருவார்கள். ரவையில் இப்படியும் ஒன்று செய்யலாமா என்று எனக்கு முதல் முறை வியப்பாக இருந்தது. இன்றும் வீட்டில் செய்கிறேன். காய்ந்த ரை ரொட்டியை ஊறவைத்துக் குழைத்து, உலர்பழமும் பட்டையும் போட்டுக் காய்ச்சி, மேலே கிரீம் வைத்துத் தரும் ரொட்டி சூப்பும் இனிப்புதான். மிஞ்சிய ரொட்டியை வீணாக்காத ஊர்.

வெறுங்கையோடு போக வேண்டாம். பூக்கள் வாங்கினால் ஒற்றைப்படை எண்ணில் இருக்கட்டும், இரட்டைப்படை துக்கத்துக்கு உரியது. அதைவிட நல்ல பரிசு உங்கள் மகளின் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வீட்டிலும் பிபர்கூகஸ் என்ற மெல்லிய பிஸ்கட் சுடுவார்கள், மிளகுப் பணியாரம் என்று பொருள். அவர்களுடைய "பிபர்ஸ்" நம் ஊர்த் திப்பிலியைக் குறிக்கும் வடசொல்லான "பிப்பலி"யிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாகப் போன சொல். அந்த பிஸ்கட்டில் ஏலக்காய், கிராம்பு, பட்டை, இஞ்சி எல்லாம் சேரும். அதிலும் முட்டை சேர்ப்பதுண்டு, சாப்பிடும் முன் கேட்டுக்கொள்ளட்டும். போடியிலிருந்து வரும் நல்ல பச்சை ஏலக்காய் ஒரு பிடி எடுத்துப் போய்ப் பாட்டி கையில் கொடுக்கட்டும். சாப்பாட்டு நாளுக்கு முன்பே தோழி மூலம் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. மாவு பிசையும்போதே அது சேர வேண்டும்.