கேளுங்கள், சொல்கிறோம்: கருவேலங்காட்டுக்கு எந்த ரம்பம்?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்கள் தாத்தா நிலம் 2 ஏக்கர். ஏழெட்டு வருஷமாக யாரும் போகாததில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. விரல் மொத்தத்தில் இருந்து தொடை மொத்தம் வரை இருக்கிறது. நடுவில் இரண்டு பனையும் ஒரு வேம்பும் நிற்கின்றன, அவற்றைத் தொடக் கூடாது. கடைக்காரர் 22 இஞ்சு செயின் சா வாங்கச் சொல்கிறார். நானும் தம்பியும் சனி, ஞாயிறுதான் போக முடியும். வாங்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: வாங்காதீர்கள். 22 இஞ்சு பெரிய மரத்தைச் சாய்த்துத் துண்டு போடுகிறவர்களுக்கு. புதருக்குள் அவ்வளவு நீளத்தை நீட்டினால் நுனி எந்தக் கிளையில் படுகிறது என்று உங்களுக்கே தெரியாது, நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் அப்படியே முகத்தைப் பார்த்துத் தூக்கியடிக்கும். அதோடு சீமைக்கருவேல் அடியிலேயே நாலைந்து தண்டாகப் பிரிகிற மரம். குனிந்து அறுக்கும்போது செயின் ஒருமுறை மண்ணைத் தொட்டால் போதும், பல் மழுங்கிவிடும், அப்புறம் தூள்தான் பறக்கும், மரம் அறுபடாது, அரத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டு இஞ்சு மொத்தம் வரைக்கும் பிரஷ் கட்டர் போதும். புல் வெட்டுகிற நைலான் நரம்பைக் கழற்றிவிட்டு, ரம்பப் பல் உள்ள வட்ட பிளேடு மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் சுமக்கிற மாடல் வேண்டாம். தோள்பட்டையில் தொங்கவிட்டு இரண்டு கைப்பிடியையும் பிடித்து வேலை செய்கிற மாடல்தான் பிளேடுக்கு அடங்கும். பிளேடின் வலது முன்பக்கத்தைத் தண்டில் கொடுக்காதீர்கள், உதைத்துத் தள்ளும். நீங்கள் அறுக்கும்போது தம்பி 15 மீட்டருக்குள் வரக் கூடாது.

தொடை மொத்தத்தை நீங்கள் ஏன் அறுக்க வேண்டும்? உங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லிவிட்டால் அவர்களே வந்து வெட்டி எடுத்துக்கொள்வார்கள், பேரம் படிந்தால் கையில் கொஞ்சம் காசும் வரும். ஆனால் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டுத்தான் போவார்கள், அது துளிர்த்தால் அவர்களுக்கு அடுத்த விறகு. இல்லை, நானேதான் அறுப்பேன் என்றால் 16 இஞ்சு பார் (செயின் ஓடுகிற நீளத் தகடு), மிஷின் தூக்கியடித்தால் செயினை நிறுத்துகிற செயின் பிரேக், இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது மிஷினுக்கு மிஷின் மாறும், கூட வருகிற புத்தகத்தைப் பார்த்துக் கலக்குங்கள். செயினுக்கு ஊற்றுகிற ஆயில் வேறு. அதை மறந்து ஓட்டினால் பார் சூடேறித் தேய்ந்து போகும்.

சரி, எதை வாங்கினாலும் தரையோடு வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் துளிர் நிற்கும். துளிர் கிளம்புவது மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற தூரில் இருந்து. அதனால் ஒரு அடி ஆழத்துக்காவது தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். 2 ஏக்கரையும் கடப்பாரையால் தோண்டுவது வார விடுமுறைக்காரர்கள் வேலையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் பொக்லைன் வாடகைக்குக் கிடைக்கும், விசாரியுங்கள். அப்படி எடுத்தால் பனை, வேம்பு ஓரத்துக்கும் வரப்புக்கும் மட்டும்தான் உங்களுக்கு ரம்பமே வேண்டும், அதற்குப் பிரஷ் கட்டரும் ஒரு நல்ல அரிவாளும் ஏராளம். நெற்று பழுத்து விழுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆடு மாடு தின்று சாணத்தில் போடுகிற விதையெல்லாம் முளைக்கும்.

செருப்போடு போகாதீர்கள், அந்த முள் டயரையே குத்தும். கனமான அடி உள்ள பூட்ஸும் முகத்துக்கு வலை மறைப்பும் மிஷின் வாங்குகிற அன்றே வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் கையடக்க பேட்டரி செயின் சா மலிவாக விற்கிறார்களே, அது வேலைக்கு ஆகுமா?
(வாசகி, திருப்பத்தூர்)

பதில்: முருங்கைக் கிளை, மாங்கொப்பு கழிக்க ஆகும். கருவேல் மரம் கடினம், சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும். வாங்குவதாக இருந்தால் இரண்டு பேட்டரி தருகிறார்களா என்று பாருங்கள். ஒற்றைக் கையில் பிடித்து மறுகையால் கிளையைப் பிடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.