அந்தக் குதிரை முகம் டிஸ்ரேலியுடையது

மனித முகமுள்ள குதிரை ஒரு பெண்ணைச் சுமந்து புதருக்குள் பாய்கிறதே, அந்தப் பழைய பிரிட்டிஷ் கேலிச்சித்திரத்துக்கு '1832 சீர்திருத்தச் சட்டம்' என்று குறிப்பு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது ஓட்டுரிமையை விரிவாக்கிய 1867 சீர்திருத்தச் சட்டம். முகம் பிரிட்டிஷ் அரசியல்வாதி டிஸ்ரேலியுடையது, அவர் நாடாளுமன்றத்துக்கு வந்ததே 1837-ல்தான். படத்தை வெளியிட்ட 'பஞ்ச்' என்ற நையாண்டி இதழும் 1841-ல்தான் தொடங்கியது. வரைந்தவர் ஜான் டென்னியல், 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைக்குப் படம் போட்ட அதே ஆள். தலைப்பு 'இருட்டில் ஒரு பாய்ச்சல்'.

குதிரைமேல் இருப்பவள் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம். பயத்தில் முகத்தை மறைத்துக்கொள்கிறாள் பாருங்கள். புதரில் எழுதியிருப்பது 'சீர்திருத்தம்'. நகரத் தொழிலாளர் பலருக்கு ஓட்டு கிடைத்து, வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது அந்தச் சட்டத்தால். கொண்டுவந்தது டிஸ்ரேலியின் கன்சர்வேடிவ் கட்சி, பழமையைக் காக்க விரும்பிய கட்சி, என்பதுதான் கூத்து! பின்னால் தயங்குகிறவர்கள் மற்ற அரசியல்வாதிகள்.

படத்தின் கீழே 'பஞ்ச், 3 ஆகஸ்ட் 1867' என்று போட்டுவிடுங்கள்.