கடன் வாங்கி குரோஷியா போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக்கு 12,000 கொடுக்கிறேன், எஸ்ஐபி 5,000 போகிறது. மாதம் 15,000 வரை மிச்சம் பிடிக்க முடியும். அவசரத் தேவைக்கு எஃப்டியில் 1,50,000 இருக்கிறது. பயணத்துக்கென்று தனியாக 80,000 சேர்த்திருக்கிறேன். வரும் ஜூலையில் தோழியுடன் குரோஷியா போக ஆசை. டூர் கம்பெனியில் 8 நாளுக்கு 2,80,000 கேட்கிறார்கள். குறைகிற 2,00,000 ரூபாய்க்கு பர்சனல் லோன் போடலாமா? 14 சதவீத வட்டி, இரண்டு வருடத் தவணை. அம்மா, 'என் வளையலை அடகு வைத்துக்கொள்' என்கிறார். ஹாஸ்டலில் தங்கினால் செலவு குறையுமா? – வாசகி, கோவை.

பதில்: குரோஷியா போகலாம். கடன் வேண்டாம், டூர் கம்பெனி வேண்டாம், ஜூலையும் வேண்டாம். இப்போது மார்ச். அக்டோபர் முதல் பாதிக்குத் தள்ளி வையுங்கள். ஏழு மாதம் 15,000 போட்டால் 1,05,000. ஏற்கெனவே உள்ள 80,000-ஐச் சேர்த்தால் 1,85,000. அதற்குள் 12 நாள் பயணம் அடங்கும் என்பது என் கணக்கு.

முதலில் கடன். 2,00,000 ரூபாய்க்கு நீங்கள் சொன்ன வட்டியில் மாதத் தவணை சுமார் 9,600. இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 30,000-ஐத் தாண்டும், பிராசஸிங் கட்டணம் தனி. அக்டோபரில் அங்கே 11 இரவு ஹாஸ்டல் படுக்கைக்கு ஆகும் மொத்தச் செலவே 28,000 ரூபாய்தான். மூன்று மாதம் முன்னதாகப் போவதற்காக, முழுப் பயணத்தின் தங்கும் செலவை இன்னொரு தடவை வங்கிக்குக் கட்டப் போகிறீர்கள். நகைக்கடனில் வட்டி குறைவு என்பது சரி. ஆனால் பெரும்பாலும் ஒரே வருடத்தில் அசலும் வட்டியுமாகக் கட்டி மீட்க வேண்டியிருக்கும். ஏழு மாதம் பொறுத்தால் கையில் பணம் இருக்கும் என்னும்போது, அம்மாவின் வளையல் எதற்கு வங்கி லாக்கரில் போய் உட்கார வேண்டும்?

கடன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் விசா. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறியது, அதே நாளில் ஷெங்கன் வட்டத்துக்குள்ளும் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) வந்தது. அதனால் உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடந்த சில மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கேட்பார்கள். திடீரென்று ஒரே நாளில் 2,00,000 வந்து விழுந்திருந்தால் அதிகாரியின் கண் அங்கேதான் போகும். மாதாமாதம் சம்பளம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக இருப்பு ஏறியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆகவே 15,000-ஐ தோழியின் சீட்டிலோ வேறு செயலியிலோ போடாதீர்கள். சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே ஆர்டியாக, அதாவது மாதாந்திரத் தொடர் வைப்பாகப் போடுங்கள். நாலு காசு வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. எஃப்டியில் உள்ள 1,50,000-ஐத் தொடக்கூடாது, ஆனால் அதன் ரசீதை விசா விண்ணப்பத்தில் காட்டலாம். எஸ்ஐபியையும் நிறுத்த வேண்டாம்.

இனி செலவு. யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விமானம் 68,000, விசாவும் காப்பீடும் 14,000, படுக்கை 28,000, சாப்பாடு 25,000, பஸ்ஸும் படகும் 12,000, நுழைவுச் சீட்டுகள் 10,000, சிம், துணி துவைப்பது போன்ற சில்லறை 6,000. ஆக 1,63,000. பத்து சதவீதம் கூடுதலாக ஒதுக்கினால் 1,80,000 கிட்ட வரும். காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் கவரேஜ் இருக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி, அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஜூலையில் இதே கணக்கு உடைந்துவிடும். கடலோர நகரமான ஸ்ப்ளிட்டில் அக்டோபரில் 25 யூரோவுக்குக் கிடைக்கும் டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) படுக்கைக்கு ஜூலை, ஆகஸ்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு கேட்பார்கள். பிளிட்விட்சே ஏரிகளுக்குக் கோடையில் நுழைவுச் சீட்டு 40 யூரோ, அக்டோபரில் அது இருபது சொச்சத்துக்கு இறங்கிவிடும். பதினாறு ஏரியும் அதேதான், அருவியும் அதேதான், கூட்டம் மட்டும் குறைவு.

தலைநகர் சாக்ரெப்பில் இறங்கி, தெற்கே உள்ள துப்ரோவ்னிக்கிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் பாருங்கள். வந்த வழியே திரும்பும் நீண்ட பஸ் பயணமும் ஒரு நாளும் மிச்சம். துப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது, தெற்கே ரயில் ஸ்ப்ளிட்டோடு நின்றுவிடும். எல்லாம் பஸ்தான். பெட்டியை அடியில் வைப்பதற்கு டிரைவர் ஓரிரு யூரோ தனியாகக் கேட்பார், அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.

சாக்ரெப்பில் இரண்டு இரவு. சாதரில் மூன்று, போகும் வழியில் பிளிட்விட்சேயில் இறங்கிப் பார்க்கலாம். ஸ்ப்ளிட்டில் நான்கு, துப்ரோவ்னிக்கில் இரண்டே இரண்டு. காசு போதாதவர்களுக்கான ஊர் ஸ்ப்ளிட்தான் என்பேன். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனைக்குள்தான் பழைய ஊரே இருக்கிறது. உள்ளே சுற்றச் சீட்டு வேண்டாம். தூண்களுக்கு நடுவே துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நிலவறை, மணிக்கூண்டு போன்ற சில இடங்களுக்குத்தான் காசு. சாதரில் கடலோரப் படிக்கட்டுக்கு அடியில் குழாய்களைப் பதித்து, அலை தள்ளும் காற்றில் அவை ஒலிக்கும்படி 2005-இல் அமைத்திருக்கிறார்கள். அதுவும் இலவசம். ஸ்ப்ளிட்டிலிருந்து பிராச் தீவின் சுபெதாருக்கு கார்களை ஏற்றும் பெரிய ஃபெரியில் போங்கள், ஐம்பது நிமிடம்தான். தூரத் தீவுகளுக்கு கட்டமரான் என்னும் விரைவுப் படகு வேகமாகப் போகும், ஆனால் 'யூகோ' என்னும் தெற்குக் காற்று பலமாக வீசினால் ரத்தாகிவிடும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் எந்தத் தீவிலும் இருக்காதீர்கள்.

பட்ஜெட்டைக் கடிப்பது துப்ரோவ்னிக். கோட்டை மதில் மேல் நடக்க மட்டும் 40 யூரோ. அதை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கிட்டத்தட்ட அதே விலைக்கு ஒரு நாள் துப்ரோவ்னிக் பாஸ் உண்டு. மதில், சில அருங்காட்சியகங்கள், டவுன் பஸ் எல்லாம் அதில் அடக்கம். மதிலுக்குள் உள்ள ஹாஸ்டல்களில் பல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய படிகளுக்கு மேலே இருக்கின்றன. பஸ் நிலையத்தை ஒட்டிய குரூஷ் பகுதியில் படுக்கை மலிவு. பாஸ் இருந்தால் அங்கிருந்து பழைய ஊருக்கு பஸ்ஸும் ஓசிதானே.

ஹாஸ்டலில் உங்களுக்கு முக்கியமானது சமையலறை. அது இல்லாத இடத்தில் நாலு யூரோ குறைவு என்று போனால் இரவுச் சாப்பாட்டில் பதினைந்து போய்விடும். காலையில் பேக்கரியில் சீஸ் புரெக் (சீஸ் அடைத்த அடுக்கு ரொட்டி), ஒரு வேளை சமையல், ஒரு வேளை வெளியே என்றால் நாளுக்கு 20 யூரோவில் முடியும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக எடுத்துப் போங்கள். ஆனால் நெய், பால்கோவா கூடாது, பாலில் செய்ததையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். பூட்டு ஒன்று கட்டாயம். பல இடங்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது.

ஒரு பொறி. துப்ரோவ்னிக் ஹாஸ்டல் வரவேற்பறையிலேயே மாண்டினீக்ரோவின் கோட்டோர், போஸ்னியாவின் மோஸ்டார் என்று ஒரு நாள் சுற்றுலா விற்பார்கள். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. உங்கள் விசா ஒரே ஒரு நுழைவுக்கானது என்றால் வெளியே போனதும் அது முடிந்தது, மாலையில் திரும்ப வர முடியாது. ஸ்ப்ளிட்–துப்ரோவ்னிக் பஸ்ஸும் முன்பு போஸ்னியாவின் 'நேயும்' என்னும் ஊர் வழியாகத்தான் போகும். 2022-இல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின் குரோஷிய மண்ணிலேயே போய்விடலாம். ஆனாலும் டிக்கெட் எடுக்குமுன் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயம். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது கூடுதல் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. 84,000 ரூபாய் செலவழித்தால் 3,400-க்கு மேல் போகும். முன்கூட்டியே யூரோ ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டோ மார்க்அப் இல்லாத கார்டோ வாங்குங்கள். கடை மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் எப்போதும் யூரோவைத் தொடுங்கள். டூர் பேக்கேஜ் என்றால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். நீங்களே ஏற்பாடு செய்து ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றினால், நிதியாண்டில் 10 லட்சம் வரை அந்தப் பிடித்தமே இல்லை.

ஜூலையில் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை விமானத்துக்கு ரிசர்வேஷன் போதும். முழுப் பணம் கட்டி வாங்கினால் ஸ்டேட்மென்ட்டில் இருப்பும் குறையும், விசா வராவிட்டால் பணமும் போகும். ஹாஸ்டலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய படுக்கையையே எடுங்கள், ஓரிரு யூரோ கூட இருந்தாலும். அப்புறம், அலுவலகத்தில் லீவு அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தோழிக்கும் அதே கடிதம், அவர் கணக்கின் தனி ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். இருவர் செலவையும் ஒருவர் கணக்கில் காட்ட முயலாதீர்கள்.