“பிரதர், ஒரு நிமிஷம்!” – நர்சிங் படிக்கப் போகும் பையன்களின் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் வாசகசாலையில் நர்சிங் பற்றிக் கேள்விகளை எழுதிப் போடச் சொன்னோம். பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் பையன்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. பதில் சொல்பவர் கருங்கல் பக்கத்துக்காரர். ஆண் நர்ஸாக, ஆஸ்பத்திரி வழக்கில் ‘பிரதர்’ ஆக, பத்தொன்பது வருஷம் ஆகிறது. கேஷுவாலிட்டி, ஐசியூ, ஏழு வருஷம் ஓமான் என்று சுற்றிவிட்டு, இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பர்வைசர்.

அண்ணே, பயாலஜி குரூப். நீட் கிடைக்கல. பி.எஸ்சி. நர்சிங் சேரவா, ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ சேரவா? (திங்கள்சந்தை)

நீட் கிடைக்கலன்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வராதே மக்களே. டாக்டர் ஆக முடியாதவன் ஒதுங்குற திண்ணை இல்லை இது. அப்படி வந்த பையன்கள் நாலு வருஷமும் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டு போட்டோ எடுத்ததுதான் மிச்சம். ஒரு நோயாளிக்கு முதுகு துடைத்துவிடச் சொன்னால் முகம் சுளிப்பான்.

விஷயத்துக்கு வரேன். பி.எஸ்சி. நாலு வருஷம். இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீதம் வேணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. தமிழ்நாட்டில் அரசு கவுன்சிலிங் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான், நீட் மார்க் கேட்க மாட்டாங்க. ஜி.என்.எம். மூணு வருஷம், ஆங்கிலத்தோட 40 சதவீதம் இருந்தால் போதும். பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்து பி.எஸ்சி. ஆக்கிக்கலாம்.

ஆக, ஜி.என்.எம். வழியாப் போனால் பட்டத்துக்கு மொத்தம் அஞ்சு வருஷம். எய்ம்ஸ் மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான தேர்வை பி.எஸ்சி. முடித்து ரிஜிஸ்டர் பண்ணின கையோடு எழுதலாம். ஜி.என்.எம்.காரனுக்கு ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருஷ அனுபவம் வேணும். வீட்டால் தாங்க முடிந்தால் பி.எஸ்சி.க்கே போ. முடியலன்னா ஜி.என்.எம். ஒன்றும் எளக்காரம் இல்லை. நானே அப்படி வந்தவன்தான்.

இன்னொன்று. நம்ம மாவட்டத்தில் நர்சிங் காலேஜுக்குப் பஞ்சம் இல்லை. சேருமுன் மூணு கேள்வி கேளு: இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலும் அங்கீகரிச்சிருக்கா, எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கா, பிராக்டிகலுக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவாங்க? மூணாவது கேள்விக்கு நேராப் பதில் வரலன்னா எழுந்து வந்துடு.

சாரே, மகன் நர்சிங்தான் படிப்பேன்னு நிக்கிறான். ‘பொம்பளை வேலைக்கா அனுப்புறே’ன்னு சொந்தக்காரங்க கேக்காங்க. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கிடைக்குமா? (மார்த்தாண்டம், ஒரு அம்மா)

அம்மா, என் வீட்டிலும் இதே வெப்ராளம்தான். அப்பா விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கிட்டு ரப்பர் வெட்டப் போவார். “நான் ராத்திரி எழுந்து மரத்தைப் பாக்கேன், நீ ராத்திரி எழுந்து மனுஷனைப் பாரு, அவ்வளவுதான்” என்றார். மாமாமார்தான் ஆறு மாசம் பேசலை. அதில் ஒரு மாமாவுக்கு பைபாஸ் ஆனபோது அவரைக் குளிப்பாட்டிவிட்டது நான்தான்.

கத்தோலிக்கர் நிறைந்த ஊர் நம்முடையது, ஆனாலும் கமில்லஸ் புனிதரைத் தெரிஞ்சவங்க கொஞ்சம்தான். இத்தாலிக்காரர். பட்டாளத்து ஆள், சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றவர். காலில் ஆறாத புண்ணோடு ரோமில் ஒரு மருத்துவமனைக்குப் போய், அங்கேயே நோயாளிகளைப் பார்க்கிற வேலையில் நின்றுவிட்டார். 1614-ல் இறந்தார். நர்ஸுகளின் பாதுகாவலர் என்று கத்தோலிக்கத் திருச்சபை வைத்திருக்கிறதே, அதில் அவர் ஒருத்தர், இன்னொருத்தர் இறை யோவான் (ஜான் ஆஃப் காட்). இரண்டு பேரும் ஆண்கள்! நைட்டிங்கேல் அம்மையாருக்குப் பிறகுதான் இது பெண்கள் வேலை என்று ஆனது. இங்கிலாந்தில் ஆண் நர்ஸுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தார்கள், பொதுப் பட்டியலில் சேர 1951 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

கல்யாணத்துக்கு வருவோம். முதல் மூணு வருஷச் சம்பளத்தைச் சொன்னால் தரகர் எழுந்து போயிடுவார், மறைக்க மாட்டேன். அதுக்கப்புறம் நிலைமை மாறும். என்கூடப் படித்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் நர்ஸையே கட்டினாங்க. ஒருத்தருக்கு நைட் என்றால் மற்றவர் வீட்டில் பிள்ளையைப் பார்ப்பார். என் வீட்டுக்காரியும் நர்ஸ்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுறது மாசத்தில் பத்து நாள் இருக்கும், அதையும் சொல்லிடறேன்.

இரண்டாம் வருஷம் படிக்கேன். பெண்கள் வார்டில் போஸ்டிங் வந்தால் கை நடுங்குது. லேபர் ரூம் வேற வருது. எப்படிச் சமாளிச்சீங்க? (தக்கலை)

கை நடுங்கினால் நல்லது தம்பி, நடுங்காதவனைப் பார்த்துத்தான் பயப்படணும்.

மகப்பேறு பாடம் உனக்கும் உண்டு, ஒதுங்க முடியாது. நான் செய்வதைச் சொல்றேன். கட்டில் பக்கத்தில் போனதும் முதலில் பேர் சொல்லு, ‘நான் இன்னைக்கு உங்களைப் பாக்கிற நர்ஸ்’ என்று சொல்லு. என்ன செய்யப் போறேன்னு முழுசாச் சொல்லி, ‘செய்யட்டுமா?’ன்னு கேளு. ஸ்கிரீனை இழுத்து விடு. துணியை விலக்கணும்னா ஒரு சிஸ்டர் பக்கத்தில் நிற்காமல் தொடாதே. அவசரம், ஆள் இல்லை என்றெல்லாம் பின்னால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சிஸ்டர் கூட நிற்பது அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு. ‘வேண்டாம், சிஸ்டரை வரச் சொல்லுங்க’ன்னு அவங்க சொன்னால், ‘சரிம்மா’ன்னு விட்டுடு. முகத்தைத் தூக்கி வைக்காதே. சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு.

ஒரு தடவை கேஷுவாலிட்டியில், குளச்சல் பக்கத்து மீன்காரப் பாட்டி ஒருத்தி இடுப்பில் ஊசி போடவே விடலை. “ஆம்பளைப் பயல் எனக்கு ஊசி போடுவானா” என்று ஒரே சத்தம். சிஸ்டர் வந்து போட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அதே பாட்டிக்கு மூச்சு முட்டியது. ஆக்சிஜன் வைத்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, டாக்டர் வரும் வரை கையைப் பிடிச்சிக்கிட்டு நின்றேன். காலையில் மகள்கிட்ட, “இந்தக் கம்பவுண்டர் பையனுக்குச் சாயா வாங்கிக் கொடு” என்றாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தடவை கம்பவுண்டர் ஆயிருக்கேன், இப்போ திருத்துறதை விட்டாச்சு.

ஆண் நோயாளிகள் பக்கமும் உண்டு. சிறுநீர்க் குழாய் போடுகிற நேரம் ‘பிரதர் இருக்காங்களா’ன்னு கேட்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் உன்னைப் பார்த்து அவர் முகம் தெளியும் பாரு.

எந்த வார்டு ஆண்களுக்கு நல்லது? (குளச்சல்)

மருத்துவமனைக்காரங்களே ஆண்களைத் தள்ளிவிடுற இடங்கள் உண்டு: கேஷுவாலிட்டி, எலும்பு வார்டு, மனநல வார்டு. போ, ஆனால் அங்கேயே தேங்காதே. முதல் இரண்டு வருஷத்தில் ஐசியூ கேளு. வென்டிலேட்டர், ஈசிஜி, இன்ஃப்யூஷன் பம்ப் மூணும் கை வசமானால் பிறகு டயாலிசிஸ், இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கிற கேத் லேப், ஆபரேஷன் தியேட்டர் எங்கேயும் எடுப்பாங்க.

ஒரு புலம்பல். ‘பிரதர், ஒரு நிமிஷம்!’ என்று கூப்பிட்டால் தூக்கத்தான் கூப்பிடுறாங்க. நூறு கிலோ ஆளைக் கட்டில் மாற்ற, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்ட, குடிச்சிட்டு வந்தவனைப் பிடிக்க. ஒற்றைக்குத் தூக்கி முப்பத்து நாலு வயசில் எனக்கு டிஸ்க் விலகியது. விரிப்போடு சேர்த்து நாலு பேராய் இழுக்கணும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கணும். வீரம் காட்டாதே.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? உண்மையைச் சொல்லுங்க. (நாகர்கோவில்)

2006-ல் என் முதல் சம்பளம் 2,200 ரூபாய். அந்த மருத்துவமனையில் ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வேலையை விட்டுப் போக மாட்டேன்னு பாண்டு இரண்டு வருஷம். வெளியே நல்ல வேலை வந்தபோது போக முடியலை. ஆகையால் கையெழுத்துப் போடுமுன் படி. நகலைக் கொடு, ஒரிஜினலைக் காட்டு, கையில் கொடுத்துட்டு வராதே.

இப்போதும் நம்ம ஊர் சின்ன மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் சிரிக்கத் தோணும், இல்லை அழத் தோணும். அதனால்தான் காலையில் திருவனந்தபுரம் ரயிலில் இத்தனை நர்ஸுகள். போராட்டங்களுக்குப் பிறகு கேரள அரசு 2018-ல் தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அறிவித்தது. அங்கே வேலைக்குப் போக கேரள கவுன்சிலிலும் பதிவு செய்யணும், அதுக்கு நாளாகும், முன்கூட்டியே ஆரம்பி.

அரசு வேலையில் ஆண்களுக்கு இடம் உண்டா? (பூதப்பாண்டி)

உண்டு, வாசல் கொஞ்சம் ஒடுக்கம். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வில் நூறு இடத்தில் எண்பது பெண்களுக்கு, இருபது ஆண்களுக்கு. அடிப்படைச் சம்பளம் 44,900-ல் தொடங்கும். இருபதுக்குள் வர, படிப்பு படிப்பாக இருக்கணும். ரயில்வே மருத்துவமனை அறிவிப்புகளையும் இ.எஸ்.ஐ. அறிவிப்புகளையும் விடாதே. மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்து (எம்.ஆர்.பி.) நியமனம் முதலில் தொகுப்பூதியம்தான், நிரந்தரமாக வருஷக்கணக்கில் காத்திருந்தவங்க உண்டு.

ராணுவ நர்சிங் சர்வீஸ் அதிகாரி வேலைக்குப் பெண்களைத்தான் எடுக்காங்க. பையன்களுக்கு நர்சிங் அசிஸ்டென்ட் என்ற சிப்பாய்ப் பிரிவு உண்டு, அது வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பைசா பிடுங்குற ஆட்கள் இருக்காங்க, கேட்டியா.

குவைத்துக்கு ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேக்கார். கொடுக்கலாமா? (அருமனை)

கொடுக்காதே. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும்தான். அதுக்கு மேல் கேட்டாலே அவன் யாருன்னு தெரிஞ்சாச்சு. குவைத், சவூதி, ஓமான் மாதிரி நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்பணும் என்று மத்திய அரசு 2015-ல் விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரளத்தில் நோர்க்காவும் ஒடெபெக்கும். முதலில் அங்கே விசாரி.

வளைகுடாவில் ‘பெண்கள் மட்டும்’ என்று வரும் நேர்காணல்கள் நிறைய. அதுக்கு மனசு உடையாதே, ஆண்களை அவசர சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் கேட்பாங்க. இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, பிறகு இரண்டு கட்டத் தேர்வு. ஜெர்மனிக்கு அவங்க மொழியை பி2 நிலை வரை படிக்கணும், ஒரு வருஷத்தை அதுக்கு ஒதுக்கு. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. எங்கே போனாலும் சான்றிதழையும் அனுபவத்தையும் மூல இடத்திலேயே சரிபார்ப்பாங்க, பொய் அனுபவச் சான்று வாங்கின ஒரு பையன் ஆயுசுக்கும் மாட்டிக்கிட்டதை நேரில் பார்த்திருக்கேன்.

அப்பா கட்டுமரத்துக்குப் போறவர். பீஸுக்கு வழி? (முட்டம்)

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கினது. காலேஜ் வழியாகவே விண்ணப்பிக்கணும். மீதிக்கு வங்கிக் கல்விக் கடன். அரசு ஒதுக்கீட்டு இடமாக இருந்தால் மேனேஜர் முகம் கொஞ்சம் மலரும்.

ரத்தம் பார்த்தா தலை சுத்துது. (குலசேகரம்)

எனக்கும் சுத்திச்சு, முதல் போஸ்ட்மார்ட்டத்தில் விழுந்தேன். சாப்பிட்டுட்டுப் போ. மூணு மாசத்தில் சரியாகும். ஆகலன்னா வேற பாரு, வெட்கமில்லை.

அண்ணே, படிப்பு முடிச்சு நாளைக்கு முதல் நைட் டியூட்டி. ஒரு வார்த்தை? (கொல்லங்கோடு)

பகலில் தூங்கிட்டுப் போ. முந்தின ஷிஃப்ட் ஆள் நோயாளியை ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவரை கட்டில் பக்கத்தில் நின்று வாங்கு, மேசையில் உட்கார்ந்து வாங்காதே. எமர்ஜென்சி டிராலியை நீயே திறந்து எண்ணு. சந்தேகமான டோஸ் என்றால் டாக்டரை எழுப்பிக் கேளு, திட்டினால் திட்டட்டும். மூணு மணிக்குத் தூக்கம் சொக்கும்போது எழுந்து ஒரு ரவுண்டு போ. டார்ச்சை முகத்தில் அடிக்காதே, கட்டிலின் கால்மாட்டில் அடி, நெஞ்சு ஏறி இறங்குறது அந்த வெளிச்சத்திலேயே தெரியும்.