டிஸ்க்கைத் திட்டுமுன் ஹப்பைப் பாருங்கள்: முன் பிரேக் கேள்வி-பதில்

மழை வந்தால் பிரேக் கேள்விகளும் வரும், இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்கின்றன. வழக்கமான வேண்டுகோள்தான்: எந்த வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டா என்று எழுதுங்கள். "என் கார்" என்றால் எனக்கு எப்படித் தெரியும்?

மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்க துரு. மாற்ற வேண்டுமா? (பேரணாம்பட்டு)

வேண்டாம். தெருமுனை தாண்டுவதற்குள் நாலு தடவை பிரேக் பிடியுங்கள், போய்விடும்.

இடது பக்க டிஸ்க்கில் மட்டும் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? (குடியாத்தம்)

போதாது. டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் இடது, வலது இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம், இடது பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று பார்த்தீர்களா? பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சறுக்கும் பின் இறுகியிருக்கும், இல்லை அதன் பிஸ்டன் திரும்பிப் போகாமல் நிற்கும். அதைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் அதுவும் அதே கதிதான்.

வண்டியில் ஊஊ என்று சத்தம். என்ன செய்வது? (வாணியம்பாடி)

இவ்வளவுதான் கடிதமே. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறதா, பிரேக் பிடித்தால் மாறுகிறதா, எதுவும் இல்லை. சரி, வீல் பேரிங் என்றே வைத்துக்கொள்வோம். காலியான சாலையில் ஐம்பது, அறுபதில் போய் ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதுமாகத் திருப்புங்கள். இடது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், வலது பக்கம் திருப்பும்போது கூடினால் இடது. எடை எந்தச் சக்கரத்தின் மேல் போகிறதோ அதுதான் கத்தும். ஆனால் டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரிங்குக்குக் காசு செலவழியுங்கள்.

நாலு மாதத்துக்கு முன்புதான் முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் பேடும் புதிதாகப் போட்டேன். இப்போது எண்பதில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடல் காலை அடிக்கிறது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டு வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். டூப்ளிகேட் டிஸ்க்காக இருக்குமோ? (ஆம்பூர்)

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை மாட்டிய கையை. மாட்டிய அன்றே உதறியதா? இல்லை, நாலு மாதம் கழித்து. அதுவே பாதி பதில்.

பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதி) முகத்தைப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றியும் நடு மேட்டைச் சுற்றியும் பழுப்பாகத் துரு ஏடு ஏடாக ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புது டிஸ்க்கைத் தள்ளிவிட்டு நட்டை முறுக்கினால் டிஸ்க் நேராக உட்காராது. ஹப் முகத்தில் அரை முடி அளவு துரு இருந்தாலும் டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், ஏனென்றால் ஹப்பைவிட டிஸ்க் அவ்வளவு அகலம். முதல் நாள் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அந்த மேடான இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். மூவாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். ஒரே டிஸ்க்கில் ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெல்லிசு, அதுதான் பெடலை அடிக்கிறது. "வளைந்துவிட்டது" என்று தூக்கிப் போடும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்ததே இல்லை.

இதை எத்தனை தடவை எழுதினாலும் நம் ஊரில் யாரும் கேட்பதாக இல்லை. டிஸ்க் மாற்ற அரை மணி நேரம் செலவழிப்பார்கள், ஹப்பைத் துடைக்கப் பத்து நிமிடம் இருக்காது. கேட்டால் "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுறோம்" என்பார்கள். அதுதானே பிரச்சினை!

என்ன செய்ய வேண்டும் என்றால், டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தை கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள், ஒவ்வொரு போல்ட்டின் அடியையும் சேர்த்து. டிஸ்க்கின் உள்முகத்தையும் துடையுங்கள். பிறகு டிஸ்க்கை மாட்டி, எல்லா நட்டையும் வாஷர் கொடுத்து முறுக்கி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே டயல் கேஜ் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றுங்கள். சின்ன கார்களுக்கு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி, 0.1 வரை அனுமதிக்கும் வண்டிகளும் உண்டு. கூடுதலாகக் காட்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டித் திரும்ப அளங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். டிஸ்க்கே இல்லாமல் ஹப் முகத்தில் கேஜ் வைத்தாலும் முள் ஆடுகிறதென்றால் ஹப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் டிஸ்க்கில் தடிப்பு மிச்சம் இருந்தால் லேத்தில் ஒரு வெட்டு கொடுத்துத் திரும்பப் போடலாம்.

இன்னொரு குற்றவாளி, பஞ்சர் கடை ஏர் கன். நட்டை ஒரே இழுப்பில் வெறி பிடித்த மாதிரி முறுக்கினால் நல்ல டிஸ்க்கும் கோணும். சின்ன காருக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச்சில். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்து எத்தனை தடவை கடையலாம்? (காட்பாடி)

தடவைக் கணக்கு இல்லை, தடிப்புக் கணக்குதான். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் புதுத் தடிப்பைவிட ஒன்றரை, இரண்டு மி.மீ. குறைவு. கடைந்த பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும். வெர்னியரில் விளிம்பை அளக்காதீர்கள், விளிம்பு தேயாது, ஏமாற்றும். மைக்ரோமீட்டரில் பேட் உரசும் இடத்தை அளங்கள்.

முன் வீல் பேரிங் மாற்றியதிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. சென்சார் மாற்றச் சொல்கிறார்கள். (ஆற்காடு)

சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் பேரிங்கைத் திருப்பிப் போட்டார்களா என்று கேளுங்கள். பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது, அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். சின்ன குண்டூசி ஒட்டும் பக்கம்தான் காந்தப் பக்கம். ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், வளையம் கெட்டுவிடும்.

அப்புறம், பேரிங்கை எதால் ஏற்றினார்கள்? சுத்தியல் என்றால் மூச்சு விடாமல் வேறு கடை பாருங்கள். நக்கிளில் (பேரிங் உட்காரும் கூடு) ஏற்றும்போது பிரஸ்ஸின் அழுத்தம் வெளி வளையத்தில் இருக்க வேண்டும், ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாறிப்போனால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து இரண்டு மாதத்தில் மறுபடியும் ஊஊ. ஆக்சில் நட் புதிதாகப் போடுங்கள், அதை முறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டாதீர்கள்.

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது எரிந்த வாடை, கடைசி வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. டிஸ்க் மாற்றலாமா? (திருப்பத்தூர்)

பதினாலு கொண்டை ஊசியையும் டாப் கியரில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினீர்களா? ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடல் பஞ்சானது டிஸ்க்கால் இல்லை, ஆயில் கொதித்ததால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும்: புது டாட் 4 (ஆயிலின் தரக் குறியீடு) கொதிக்கக் குறைந்தபட்சம் 230 டிகிரி வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155தான். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட் கண்ணாடி மாதிரி பளபளத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

காலிப்பர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடலாமா? (சோளிங்கர்)

கூடாது. ரப்பர் உப்பிப் பின் இறுகும். சிலிக்கோன் கிரீஸ், கொஞ்சமாக.

வீட்டிலேயே டிஸ்க் மாற்றலாம் என்று இருக்கிறேன். பழைய டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. (ராணிப்பேட்டை)

முதலில் வண்டி எதன் மேல் நிற்கிறது? ஜாக் மட்டும் என்றால் இறக்கிவிட்டு ஸ்டாண்டு வாங்கி வந்து பிறகு படியுங்கள். பின் சக்கரத்துக்கு மரச்சக்கை. பல டிஸ்க்குகளின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும், பெரும்பாலும் 8 எம்எம். இரண்டிலும் போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். சின்ன ஸ்குரூ பிடித்திருந்தால் அதை முதலில் எடுங்கள். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காத எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஹப்பையும் தேய்த்துவிடுங்கள், ஆம்பூர்க்காரர் பதிலைப் படித்தீர்கள்தானே? மாட்டி முடித்ததும் வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள், முதல் மிதி வெறுமனே போகும், அது கேட்டைத் தாண்டியா தெரிய வேண்டும்?