நாலு டாக்டர், நாலு பெயர்: என் தலைசுற்றலுக்கு எதை நம்புவது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 46. குடியாத்தத்தில் வீட்டோடு தறி போட்டுக் கட்டம் போட்ட லுங்கி நெய்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் விடியற்காலையில் வலது பக்கம் புரண்டு படுத்தேன், வீடே சுழன்றது. கொஞ்ச நேரத்தில் நின்றது, திரும்பப் புரண்டால் திரும்ப வந்தது. ஒரு டாக்டர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார். இன்னொருவர் மெனியர் என்றார், உப்பைக் குறைத்தேன். மூன்றாமவர் மைக்ரேன் என்றார். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை, பயம்தான் என்றார்கள். இப்போது சுழல்வதில்லை. ஆனால் எழுந்து நின்றால் தொட்டில்மேல் நிற்கிற மாதிரி நாள் முழுக்க ஆட்டம். தறியில் உட்கார்ந்தால் கட்டங்கள் ஓடுகின்றன. மாமியார் பித்தம் என்கிறார். தலைசுற்றல் மாத்திரை ஒரு வருஷமாக மூன்று வேளையும் போடுகிறேன். யார் சொன்னது சரி?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தங்கச்சி, ஸ்கேன் நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. மூளையில் பக்கவாதமோ, காது நரம்பில் கட்டியோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். அவை இல்லை என்பது நல்ல சேதி. உள்காதின் சமநிலைக் கோளாறுகள் பெரும்பாலும் அந்தப் படத்தில் விழாது. வேலூரில் காது பரிசோதனை அறையிலேயே என் உத்தியோக காலம் போனது. 'எல்லாம் நார்மல்' என்று எழுதிய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அழுத பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் நடிக்கவில்லை.

தலைசுற்றலில் மெஷினைவிட நீங்கள் சொல்லும் விவரம்தான் டாக்டருக்குப் பெரிய துப்பு. எவ்வளவு நேரம் நீடித்தது, எதைச் செய்தபோது வந்தது, காது என்ன செய்தது, இந்த மூன்றும் முக்கியம். மெனியர் என்கிற உள்காது நோய் என்றால் சுழற்சி 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை போகும், கூடவே ஒரு காதில் இரைச்சல், அடைப்பு, மந்தம் இருக்கும், காது கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம் சோதனையிலும் தெரியும். உங்கள் கடிதத்தில் காதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மைக்ரேன் தலைசுற்றல் 5 நிமிடமும் இருக்கலாம், 72 மணி நேரமும் இருக்கலாம், ஒவ்வொரு தடவையும் தலைவலி வர வேண்டும் என்றில்லை. கழுத்துத் தேய்மானமோ, நம் வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது தெரியத்தான் செய்யும். அதன் தலையில் பழியைப் போடுவது சுலபம்.

புரண்டு படுத்ததும் சுழன்று, கொஞ்ச நேரத்தில் அடங்கியது என்கிறீர்களே, அதுதான் என் கண்ணில் பட்டது. உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் வரும். யாராவது உங்களைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துக் கண்ணையே பார்த்தார்களா? துகள் பிரச்சினை என்றால் கண்மணி துடிப்பதை அப்போது பார்க்கலாம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்பார்கள். ஒரு கட்டில் போதும், செலவே இல்லை. இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் மாத்திரை எழுதுவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். துகள் இருந்தால் எப்லி என்ற முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பியே அதைத் திரும்ப இடத்தில் சேர்ப்பார்கள், பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே தீர்ந்துவிடும்.

சரி, இப்போதைய ஆட்டம்? முதல் அடி அடங்கின பிறகும் மூளை விழிப்பிலேயே நின்று, காதை நம்பாமல் கண்ணையே பிடித்துக்கொள்வது உண்டு. பிபிபிடி (PPPD) என்று பெயர். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், நின்றால் நடந்தால் கூடும், கட்டமும் கோடும் கூட்டமும் ஆகாது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சர்வதேச நிபுணர்கள் இதற்கு இலக்கணம் வகுத்ததே 2017-ல்தான். அதனால் பலர் இதை 'பயம்' என்று தள்ளிவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கோளாறு சேர்ந்தும் இருக்கலாம், வெவ்வேறு நாளில் பார்த்த டாக்டர்கள் வெவ்வேறு பெயர் சொன்னதற்கு அதுவும் காரணமாகலாம்.

அந்த மாத்திரை விஷயத்தை இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். சுழற்சியை அமுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் சில நாளுக்கானவை. மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவது தள்ளிப்போகும், சிலவற்றால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். கழுத்துப் பட்டையையும் தேவையா என்று கேளுங்கள், தலையை அசைக்காமலே இருந்தால் தேறுவது கஷ்டம்.

தலைசுற்றலுக்கான சமநிலைப் பயிற்சி தரத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுப் பிடியுங்கள். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் கை நீட்டும் தூரத்தில் 'அ' என்று பெரிதாக எழுதி ஒட்டி, எழுத்து கலங்காத வேகத்தில் தலையை மட்டும் இடம் வலம் அரை நிமிடம் திருப்புங்கள். லேசாகக் கிறுகிறுக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். தறியில் கொஞ்ச நாள் கட்டமில்லாத பாவு ஓட்ட முடியுமா பாருங்கள், பத்துப் பத்து நிமிடமாக. அப்புறம் ஒரு நோட்டில் நேரம், செய்த வேலை, காது, தலைவலி, மாதவிலக்கு நாள் எல்லாம் குறித்து, பழைய ஆடியோகிராமோடு ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுங்கள்.

திடீரென்று பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கை காலோ இழுத்தால், நிற்கவே முடியாமல் போனால் நோட்டெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள், அந்த வைத்தியம் தள்ளிப்போகக் கூடாது.